பொருள்: நோன்புக்கு வரும் பிள்ளைகள், ராமேஸ்வரம் பயணம், வேன் பணம்

உ
சிவமயம்

அனுப்பியவர்: மேலவளவு, கோலாலம்பூர்

எல்லாருக்கும் வணக்கம்.

நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்புக்குச் செட்டிநாட்டில் உள்ள நம் ஊருக்கு வரும் பிள்ளைகள் இதுவரை 22 பேர். நோன்பின் இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல் திரி) எடுத்துக்கொண்ட மறுநாள் கிளம்பி, மூன்று நாளில் ஊர்ப்பக்கமும் கடற்கரையும் காட்டித் திரும்புவதாகத் திட்டம். தலைக்கு 4,500 ரூபாய். இரண்டு வேன், ஓட்டுநர் படி, ராமேஸ்வரம் நகர விடுதியில் ஓர் இரவு, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் இதற்குள்.

முதல் நாள் பக்கத்து ஊர்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையார்பட்டியில் இருந்தால் கூட்டம் சேர்வதற்கு முன் குகைக்குள் நின்று பார்க்கலாம். வடக்குப் பார்த்த, இரண்டு கை, வலம்புரிப் பிள்ளையார். பாறையைக் குடைந்தே செய்தது என்பதை உள்ளே போவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், உள்ளே நின்று பேச நேரம் கிடைக்காது. அங்கிருந்து குன்றக்குடி. பிறகு ஆத்தங்குடி.

ஆத்தங்குடியில் கடை முன்னால் இறக்கிவிட்டால் அடுக்கி வைத்த பூ வேலைத் தரைக்கல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். பட்டறைக்குள் கூட்டிப்போக வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் ஒரு வண்ணம் இன்னொன்றில் ஓடாமல் நிற்கிறதே, அதுதான் கைவேலை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை. மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் கிடக்கும். பிறகு வெயிலில் காயவைத்துக் கண்ணாடியை எடுத்தால் பளபளப்பு தானே வரும், மெருகு போடுவதில்லை. வீட்டுத் தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்த வண்ணம் திரும்பாது. இதைப் பிள்ளைகளைவிட ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மதியம் காரைக்குடிப் பங்களா விடுதியில் இலைச் சாப்பாடு, முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நடக்கும். பிறகு கானாடுகாத்தான் தெருக்கள்.

இரண்டாம் நாள் தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, காரங்காடு, உப்பூர், தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம். மூன்றாம் நாள் தீர்த்தம், தனுஷ்கோடி, திரும்புதல்.

பணத்தை நம் ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வேன்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்.

---

அனுப்பியவர்: கீழத்தெரு, துபாய்

அண்ணே, 22 பேருக்கு 4,500 என்றால் 99,000. இதில் வேனுக்கு எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. குடமுழுக்குக் கணக்கும் இப்படித்தான் ஒரே தொகையாக வந்தது. அதைப் பற்றி இங்கே மேலே பேசவில்லை.

வேன்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டம் அவர் கொட்டகையிலிருந்து எண்ணப்படுமா நம் வாசலிலிருந்தா, இரவுத் தங்கல் படி தனியா, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் யார் தலையில். முதல் நாள் சுற்றுக்கு நூறு கிலோமீட்டர்கூடத் தாண்டாது, ஆனால் குறைந்தபட்சத்துக்கு முழுப்பணம் போகும். அன்றைக்கு உள்ளூர்க் கார்கள் போதும். வேனை இரண்டாம் நாள் விடியற்காலை எடுத்தால் இரண்டு நாள் வாடகைதான்.

அடுத்தது இதைவிட முக்கியம். சங்கக் கணக்கில் எல்லாரும் பணம் போடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி அது வெளிநாட்டுப் பணம். நம் சங்கம் அந்தச் சட்டத்தில் பதியவில்லை. ஆயிரம் ரூபாய் வந்தாலும் குற்றம்தான், கணக்கை முடக்கிவிடுவார்கள், பிறகு முன்னோருக்குப் படையல் போடும் படைப்புப் பணத்தைக்கூட எடுக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் வேன்காரருக்கும் விடுதிக்கும் தங்கள் பிள்ளைக்கான கட்டணத்தை நேரே கொடுத்து, தங்கள் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

பிள்ளை அனுப்பாதவர்களிடம் இதற்குப் பணம் கேட்பதும் சரியில்லை. புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வாங்குவது கோயில் காரியத்துக்கு.

---

அனுப்பியவர்: மேலத்தெரு ஆச்சி, ஹூஸ்டன்

தம்பிகளுக்கு,

கணக்கைப் பிறகு பார்க்கலாம். தீர்த்தமாடப் போகும் வழியில் காரங்காட்டில் மீனும் நண்டும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை ராமநாதசுவாமி சந்நிதியில் நிற்பதா? யார் போட்ட வழி இது? ஊரில் அப்பத்தாமார் இருந்திருந்தால் வேன் வாசலைத் தாண்டியிருக்காது.

வழியைத் திருப்பிப் போடுங்கள். போகும்போது ராமநாதபுரம் வழியாக நேரே ராமேஸ்வரம், சைவம் மட்டும். திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன்.

அங்கே சாப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. காரங்காட்டில் வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள், ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். முந்தின நாளே ஆள்கணக்குச் சொன்னால்தான் 22 பேருக்கு உலை வைக்க முடியும். பாக்கு நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்படகு மீன் அன்றாடம் கரைக்கு வருவது. எந்தப் படகு மீன் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் பெரிய மீன் என்று தட்டில் வருவதில் பாதி ஐஸ் பெட்டியில் வேறு கரையிலிருந்து வந்தது.

நண்டு உயிரோடு இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. உள்வாங்கினால் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். 22 பேருக்கு 6 கிலோ வேண்டும், ஓடு போகத் தேறுவது பாதிக்கும் குறைவு. மேலோட்டைப் பிரித்ததும் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல்விரலாக இருப்பதைக் கிள்ளி எறியாவிட்டால் குழம்பு கசக்கும்.

பிள்ளைகள் "செட்டிநாடு" என்று பலகை போட்ட இடத்திலெல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப் பூவும் எல்லாவற்றிலும் கொட்டிச் சிவப்பாக்கிக் கொடுப்பதை நம் சமையல் என்று அந்தப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் பேத்தி போன வருடம் ஒரு சாலையோர உணவகத்தில் மீன் குழம்பில் பட்டை மிதக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினாள். நம் வீட்டு மீன் குழம்பில் பட்டையும் கிடையாது, கல்பாசியும் கிடையாது. ஒரு கிலோ விளைமீனுக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், தக்காளி இரண்டு, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, தாளிக்க வெந்தயம் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் தாராளம். எண்ணெய் மேலே பிரிந்து நின்ற பிறகுதான் மீன் போட வேண்டும், ஏழெட்டு நிமிஷம் போதும். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். காரங்காட்டுப் பெண்கள் குழம்பும் வேறு முறைதான், ஆனால் மீனை மீனாகவே விடுவார்கள்.

கிளம்பும் அன்று காலைப் பலகாரம் ஊர் வீட்டு வளவிலேயே ஆகட்டும். வெள்ளைப் பணியாரம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டிப் போட்டு, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் மட்டும் குவித்தால் அதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நைசாக ஆட்டி, ஒரு கரண்டி பால், ஒரு சிட்டிகை சீனி, உப்பு. ஆட்டிய உடனே ஊற்றிவிட வேண்டும். மாவு காத்திருந்து புளித்தால் எண்ணெய் குடிக்கும், விளிம்பு முறுகாது. ஊரில் இப்போது சமைக்கிறவர் முதல் நாள் இரவே ஆட்டி வைக்கிறார், அதுதான் போன படைப்பில் நடந்தது. யார் அவரை வைத்தது என்று கேட்டால் பலருக்கு வருத்தம் வரும்.

---

அனுப்பியவர்: நடுவளவு, லண்டன்

அண்ணன்மார், ஆச்சிமார் அனைவருக்கும்.

பயணம் நல்லபடி நடக்கட்டும். முதல் நாள் பட்டியலில் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு இல்லை. விட்டுப்போனதா, விட்டுவிட்டதா?

ஆவணியில் தங்கச்சி அந்தத் தெருவில் ஒரு கடை வாசலில் நிலைக்கதவு ஒன்றைப் பார்த்தாள். பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி, இடது யானையின் துதிக்கை நுனி உடைந்து பித்தளைப் பூண் போட்டது, கீழே மூன்றெழுத்து விலாசம் (குடும்பத்தின் முன்னெழுத்து). நம் பங்காளி வீட்டுக் கதவுதான், அந்தப் பூணை யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வீட்டின் இரண்டாம் கட்டுக் கூரையில் நாட்டு ஓடு சரிந்து கை நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. குரங்கு ஓட்டை நகர்த்தும், மழை உத்தரத்தின் தலையில் இறங்கும், ஈரமான தலைப்பிலிருந்து கறையான் ஏறும். ஐப்பசிக்கு முன் ஓட்டைப் பிரித்து மாற்றி அடுக்கி, வளவு முற்றத்தில் மழைத் தண்ணீர் போகும் தூம்பைக் குத்திவிட்டால் போதும். ஆறு பங்காளிக்குப் பிரித்தால் பெரிய பணமே இல்லை. ஐந்து பேர் கொடுத்தோம். ஆறாவது பங்கு வரவில்லை, கதவு போயிருக்கிறது.

பிள்ளைகளை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம் எல்லாம் பார்க்கட்டும். வாங்குவதென்றால் இதைச் சொல்லிவிடுங்கள்: நூறு வருடம் தாண்டிய சாமான் 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. சிற்ப மரமோ பழைய விக்கிரகமோ பெட்டியில் இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். கடைக்காரர் ரசீது தருகிறேன் என்பார், அந்த ரசீது சுங்கத்தில் உதவாது.

---

அனுப்பியவர்: மேலவளவு, கோலாலம்பூர்

ஆச்சி சொன்னதுதான் சரி, வழியைத் திருப்பிவிட்டேன். கீழத்தெருத் தம்பி சொன்னபடி வேன் இரண்டு நாளுக்குத்தான். புதுப்பட்டியல்:

இரண்டாம் நாள் பணியாரம் முடித்து ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் திருப்புல்லாணி, தர்ப்பசயன ராமர். பதினொன்றரைக்குப் பாம்பன் சாலைப் பாலம். மேலே வண்டியை நிறுத்தவிட மாட்டார்கள், ஓட்டுநரை மெதுவாக ஓட்டச் சொல்லலாம். பக்கத்திலேயே, 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியது. கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறும். மதியம் விடுதியில் சாப்பாடு, இளைப்பாறல். தனுஷ்கோடிக்கு மூன்று மணிக்கு மேல்தான், நடுப்பகலில் அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கலில் பூநாரை வந்திருந்தால் இறங்கலாம். 1964 டிசம்பர் புயலில் போன தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் பார்த்து, அரிச்சல்முனை வரை. அங்கே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு கடலும் முட்டுமிடம், அடியில் இழுக்கும், மணல் காலடியில் கரையும். பொழுது சாய்வதற்குள் காவல்துறை எல்லாரையும் திருப்பிவிடும். மழைக்காலத்தின் வால் என்பதால் கடல் சீறினால் சாலையை மூடிவிடுவார்கள். மூடினால் அன்று மாலை பேக்கரும்பில் கலாம் நினைவிடம். குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மண்டபத்துக்கு இந்தப் பக்கம் அரியமான் கடற்கரை, அலை இல்லாத கரை.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். பிறகு அக்னி தீர்த்தம், அதற்குப் பிறகு உள்ளே 22 தீர்த்தம். கைப்பேசி உள்ளே விடமாட்டார்கள், விடுதியிலேயே வைத்துவிட வேண்டும். பெண்பிள்ளைகள் அடர்நிறப் பருத்தியில் வரட்டும். ஈரத் துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது, மாற்றுத்துணிப் பையோடு பெரியவர் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பிராகாரக் கல் முழுக்க ஈரம், ஓடினால் விழுவார்கள். ஒன்பதரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குத் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களான நவபாஷாணத்தில் பரிகாரம் செய்துவைக்கிறேன் என்று வருகிறவரிடம் தொகையை முதலில் பேசிக்கொள்ள வேண்டும். உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், கருவறைக்கு மேல் கூரை கிடையாது, வெயில் நேரே பிள்ளையார்மேல் விழும். நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்பதால் தேவிபட்டினத்தில் அரைமணிதான். ஒன்றரைக்குக் காரங்காடு, சாப்பாடு, வெயில் தணிந்ததும் படகு. தொண்டியில் நிறுத்தம் இல்லை. ஏழு மணிக்கு ஊர்.

மதுரை விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் திருப்பத்தூர் வழியில் கொள்ளுக்குடிப்பட்டியில் பத்து நிமிஷம் நிற்கலாம். வேட்டங்குடிச் சரணாலயக் கண்மாய், கூட்டுக்கு வரும் பறவைகளுக்காக அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

கணக்கு: வேன் வாடகை மூன்று நாளிலிருந்து இரண்டானதால் தலைக்கு 3,900. பிரித்த கணக்கு நாளைக் காலை வரும். அயல்நாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் சங்கக் கணக்கில் எதுவும் போட வேண்டாம், போட்ட இரண்டு பேர் இன்றே எனக்குப் போன் செய்யுங்கள்.

நடுவளவுத் தம்பி, முனீஸ்வரன் கோயில் தெருவை முதல் நாள் மாலை நாலு மணிக்குச் சேர்த்திருக்கிறேன். கதவு எந்தக் கடையில் என்று தங்கச்சியிடம் கேட்டு எனக்குத் தனியாக எழுது. நோன்புக்கு நான் வருகிறேன், முதலில் அங்கேதான் போவேன்.