பொருள்: ‘அட்ராக்டிவ்லி’ – ‘கவர்ச்சியாக’ போதுமா?

> ‘அட்ராக்டிவ்லி’க்குக் ‘கவர்ச்சியாக’ என்று போட்டு இந்த இழையை முடித்துவிடலாமே?

முடிக்க வேண்டாம் ஐயா, எனக்கு ஒரு சூடு விழுந்திருக்கிறது. திருபுவனத்தில் ஒரு பட்டுக்கடைக்கு இணையப் பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். புடவையின் விசிறி மடிப்பைப் பற்றிய வரியில் இந்தச் சொல் வந்தது. ‘கவர்ச்சியாக மடிக்கப்பட்ட பட்டுப்புடவை’ என்று எழுதிவைத்தேன். கடைக்காரம்மா படித்துவிட்டு, “ஏன் தம்பி, இது பொடவையா, சினிமா போஸ்டரா?” என்றார்.

கவர்தலுக்கு இந்தப் பெயர் பின்னால் வந்ததுதான். வெட்சித் திணையில் ஆநிரை கவர்ந்தார்கள்; நூறாவது குறளில் கனி இருக்கக் காய் கவர்கிறார்கள். எடுத்துக்கொள்வது, அவ்வளவே. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குத் ‘தன் பக்கம் இழுத்தல்’ என்று பொருள். அதற்கு ‘ஈர்ப்பு’ கிட்டத்தில் வரும். ஆனால் ‘ஈர்ப்பாக மடித்த புடவை’ என்றால் அறிவியல் பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. ‘வசீகரமாக’ என்பது முகத்துக்கும் குரலுக்கும் சரி, அட்டைப்பெட்டிக்கு ஒட்டாது. (தனித்தமிழ் நண்பர்கள் அதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவார்கள்.)

சொல்லைக் கடைசியில் அந்த அம்மாவே கொடுத்தார். வேறொருவருக்குப் புடவை காட்டும்போது முந்தானையைப் பாதி விரித்து, கரையை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, “அரக்கு பாடிக்கு இந்த மாம்பழ மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்” என்றார்.

எடுப்பாக! சுற்றியிருப்பதிலிருந்து தூக்கி நின்று கண்ணில் படுவது. ஆங்கில வினையடையும் பெரும்பாலும் இந்த வேலைதான் செய்கிறது: அடுக்கியவர் எப்படி அடுக்கினார் என்பதைவிட, அடுக்கியது பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. எடுப்பாக அடுக்கிய, எடுப்பாக வடிவமைத்த. எங்கும் உறுத்தவில்லை.

விலைக்கு மட்டும் வேண்டாம். ‘எடுப்பான விலை’ என்றால் ஏறி நிற்கிற விலை என்று வாங்க வந்தவர் ஓடிவிடுவார். கும்பகோணம் கடைத்தெருவில் ‘விலை தோதா இருக்கு’ என்பார்கள். ‘தோதான விலையில்’ என்றே வைக்கலாம்.

– திருபுவனத்திலிருந்து

திருவையாற்றிலிருந்து:

எடுப்பு எங்கள் சொத்து ஐயா! தமிழிசையில் பல்லவிக்கு எடுப்பு என்று பெயர். தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமும் எடுப்புதான். அதோடு, ‘எடுப்பான பல்’ என்று ஊரில் சொல்வது அழகையா?

திருபுவனத்திலிருந்து மறுபடி:

பெயர்ச்சொல் உங்களிடமே இருக்கட்டும். ‘ஆக’ சேர்ந்துவிட்டால் பாட்டு ஞாபகம் யாருக்கும் வராது. ‘எடுப்பாக உடுத்தி வந்தாள்’ என்பதைக் கேட்டு எவரும் தாளம் போடுவதில்லை. பல் விஷயத்தில் தோற்றேன். ஆனால் ‘எடுப்பான மூக்கு’ என்றும் அதே ஊர்தான் சொல்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.