மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான்: சந்தை நாளைப் பிரித்துக்கொண்டால் கடைவீதி பிழைக்குமா?

மல்லாவிப் பெடியன்:
மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு எல்லாம் வட இலங்கை வன்னியில் ஏறத்தாழ ஒரே வழியில் இருக்கின்றன. ஆனாலும் சாமான் வாங்க கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோதான் பஸ் ஏறுகிறோம். வியாபாரிகள் கூடிச் சந்தை நாளைப் பிரிக்கலாமே? திங்கள் மல்லாவி, புதன் மாங்குளம், வெள்ளி ஒட்டுசுட்டான். முல்லைத்தீவு மீன் லொறி ஒன்றே மூன்று ஊருக்கும் போதும். திரும்பும்போது எங்கள் எருமைத் தயிரை ஏற்றிக்கொண்டு போகட்டும்.

மாங்குளம் கடைக்காரன்:
தம்பி, மல்லாவி துணுக்காய் பிரதேச சபைக்குள் வருகிறது. நாங்களும் ஒட்டுசுட்டானும் புதுக்குடியிருப்புச் சபை. சந்தையைச் சபை வருடக் குத்தகைக்கு விடுகிறது. காசு கட்டி எடுத்தவர் தன் கூட்டத்தை அடுத்த ஊருக்கு விட்டுக்கொடுப்பாரா?

இன்னொன்று. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் தொடங்கி, கடன்பட்டுக் கட்டிய கடை என்னுடையது. லொறிக்காரர் ஒருநாள் வந்து மலிவாக விற்றுவிட்டுப் போவார். மிச்ச ஆறு நாளும் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்து, அறுவடை முடியும்வரை காசுக்குக் காத்திருப்பது நான்தான்.

ஒட்டுசுட்டான் அக்கா:
கொப்பிக் கடன் பற்றி அண்ணை சொன்னது முழு உண்மை. எங்கள் வீடும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஏ9 நெடுஞ்சாலையில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியைப் பாருங்கள். கச்சான் (நிலக்கடலை) கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒருவரால் மற்றவர் கெட்டுப்போகவில்லையே.

மாங்குளம் கடைக்காரன்:
அங்கே வாகனம் நிற்பது பிள்ளையாருக்கு, தங்கச்சி. கச்சான் பிறகுதான். மாங்குளத்தில் ஏ9 வாகனங்கள் எதற்கு நிற்கும்?

ஒட்டுசுட்டான் அக்கா:
சரி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வருவோம். வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுக்க அங்கே திரளுகிறது. கூட்டத்துக்காக நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. மூன்று ஊர்க் கடைக்காரரும் சேர்ந்து ஒரு வரிசை போட்டால், வெளியிலிருந்து வரும் வியாபாரிகளிடம் போகும் காசில் கொஞ்சமாவது இங்கே நிற்கும்.

மல்லாவிப் பெடியன்:
அக்கா சொல்வது நல்லது. சந்தையைக் காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போது ஒருமுறை மட்டும் வைத்துப் பார்ப்போம். லொறியில் மீன் மட்டும். பலசரக்கு உள்ளூர்க் கடைகளுக்கே.

மாங்குளம் கடைக்காரன்:
பொங்கலுக்கு வரிசை போடுவதென்றால் நானும் பங்கு போடுகிறேன். சந்தை நாள் மாற்றத்துக்கு என் பதில் இன்னமும் இல்லைதான். மீன் மட்டும் என்பதை முதலில் குத்தகைக்காரரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள், பிறகு கதைப்போம்.