சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது டேபிள்களையும் அதுவே மாற்றிக்கொள்ளலாமா?

நூலிழை:

சர்வர் ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஏறக்குறைய 60 டேபிள். புரொடக்‌ஷனில் அதே அப்ளிகேஷன் 3 இன்ஸ்டன்ஸாக ஓடுகிறது. டேபிளில் எதை மாற்றுவதென்றாலும் ஒருவர் கையால் ஸ்கிரிப்ட் ஓட்டுவார். போன ரிலீஸ் அன்று அவர் லீவு. ஸ்கிரிப்டை யாரும் ஓட்டவில்லை. புது கோட் போய் இல்லாத நெடுவரிசையைக் கேட்டது, பாதிப் பக்கங்கள் 500 எரர் அடித்தன.

இப்போது டீமில் ஒருவர், "ஹைபர்னேட்டில் (ஜாவா கிளாஸையும் டேபிளையும் இணைக்கும் லைப்ரரி) டிடிஎல்-ஆட்டோ செட்டிங்கை அப்டேட் என்று வைத்துவிடு, கிளாஸைப் பார்த்து டேபிளை அதுவே சரிசெய்துகொள்ளும்" என்கிறார். டெவலப்மென்டில் 2 வருடமாக அப்படித்தான் ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. புரொடக்‌ஷனிலும் வைக்கலாமா?

இரவுப்பணி:

வைக்காதீர்கள். டெவலப்மென்டில் தொலைந்து போவதற்கு டேட்டா இல்லை, அதனால்தான் பிரச்சினையும் இல்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். கஸ்டமர் கிளாஸில் "மொபைல்" என்றிருந்த ஃபீல்டை ஒருவர் "தொலைபேசி" என்று பெயர் மாற்றினார். பெயர்தான் மாறியது என்று ஹைபர்னேட்டுக்கு எப்படித் தெரியும்? "தொலைபேசி" என்று ஒரு நெடுவரிசை இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. காலியாக ஒன்றைச் சேர்த்தது. பழையது எல்லா எண்களோடும் பக்கத்திலேயே கிடந்தது. எரர் எதுவும் இல்லை. ஸ்கிரீனில் எண் காலியாகத் தெரிந்ததும் ஆட்கள் திரும்ப டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், சிலர் வேறு எண்ணை. எங்களுக்குத் தெரியவரும்போது ஒன்றரை நாள் ஆகியிருந்தது. பழையதை அப்படியே காப்பி செய்தால் புதிதாகப் போட்டவை அழியும். செய்யாவிட்டால் மற்றவர்களுக்குக் காலி. கடைசியில், புதியது நல் (மதிப்பே இல்லாதது) ஆக இருக்கும் வரிசைகளுக்கு மட்டும் பழையதை எடுத்துப் போட்டோம். அப்புறமும், படிவத்தை எண் இல்லாமலே சேமித்ததில் வெற்று ஸ்டிரிங் ஏறிய சில நூறு வரிசைகள் மிச்சம். அவற்றைத் தனியாகத் துழாவ வேண்டியிருந்தது.

இன்னொன்று. எதையாவது மாற்ற முயன்று தோற்றாலும், நாமாக வேறு செட்டிங் வைக்காதவரை, ஹைபர்னேட் லாகில் ஒரு வார்னிங் போட்டுவிட்டு சர்வரை எழுப்பிவிடும். ஏற்கெனவே டேட்டா இருக்கும் டேபிளில் டிஃபால்ட் இல்லாத, நல் கூடாத நெடுவரிசையைச் சேர்க்கப் பாருங்கள், போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அது தெரியாமல் நீங்கள் பாட்டுக்கு டிராஃபிக்கைத் திறந்துவிடுவீர்கள்.

தனிச்சர்வர்:

"தானாக" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டு அடிக்கிறீர்கள். கிளாஸைப் பார்த்து டேபிளை ஊகிப்பது ஒன்று. எண் போட்டு எழுதி வைத்த மைக்ரேஷன் ஃபைல்களை, அதாவது டேபிளை மாற்றும் ஸ்கிரிப்ட்களை, ஸ்டார்ட் ஆகும்போது வரிசையாக ஓட்டுவது வேறு. முதலாவதை நானும் ஆதரிக்க மாட்டேன். இரண்டாவதற்காகச் சண்டைக்கே வருவேன்.

நான் எழுதும் சர்வரை மற்றவர்கள் தங்கள் சொந்த மெஷினில் நிறுவிக்கொள்கிறார்கள். பலருக்கு எஸ்க்யூஎல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "அப்கிரேடுக்கு முன் இந்த 4 ஸ்கிரிப்டை ஓட்டவும்" என்று எழுதிப் பார்த்தேன். யார் படிக்கிறார்கள்? கிராஃபானா என்ற டாஷ்போர்டு சர்வரும் அப்படித்தான், எழும்போதே மைக்ரேட் செய்துகொள்கிறது. என் சர்வர் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கும் யூசர்-வெர்ஷன் எண்ணை, அதாவது டேபிள்களின் வெர்ஷனை, பார்க்கும். பின்தங்கியிருந்தால் பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு மைக்ரேஷனை ஓட்டும். டேட்டாபேஸ் எண் புரோகிராமின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அதாவது யாரோ பழைய வெர்ஷனுக்குத் திரும்பியிருந்தால், எழவே மறுக்கும். இந்தக் கடைசிச் சோதனையைச் சேர்ப்பதற்கு முன் வந்த புகார்களை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

ஓரமாய்:

மேலே அந்த ஒன்றரை நாள் கதையைப் படித்துவிட்டு எங்கள் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தேன். அப்டேட். இன்றைய தூக்கம் போச்சு.

இரவுப்பணி:

@தனிச்சர்வர், ஒரு மெஷின், ஒரே ப்ராசஸ் என்றால் உங்கள் கட்சிதான் நானும். கேட்டவரிடம் இருப்பது 3 இன்ஸ்டன்ஸ். மூன்றும் ஒன்றாக எழுந்து மைக்ரேஷனுக்குப் பாயும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட்டும்படி பூட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மைக்ரேஷன் ஓட்டும் டூலான லிக்விபேஸ் இதற்கென்றே ஒரு டேபிள் வைத்து, "நான் பிடித்திருக்கிறேன்" என்று அதில் எழுதிக்கொள்ளும். மைக்ரேஷன் இழுத்துக்கொண்டே போனால் சர்வர்களை ஓட்டிக் கவனிக்கும் குபெர்னெட்டீஸ், உயிரோடிருக்கிறாயா என்று கேட்கும் லைவ்னெஸ் புரோபுக்குப் பதில் வராது. ஆள் செத்துவிட்டான் என்று நினைத்து அது நடுவிலேயே கொன்றுவிடும். எழுதி வைத்த பூட்டை யார் அழிப்பது? அடுத்து எழும் ஒவ்வொன்றும் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும். கடைசியில் மனிதர்தான் உள்ளே போய் விடுவிக்க வேண்டும்.

அதே வேலை செய்யும் ஃப்ளைவே போஸ்ட்கிரெஸில் அட்வைசரி பூட்டு பிடிப்பதால் கனெக்‌ஷன் அறுந்தால் பூட்டும் போய்விடும். அந்த அளவில் தேவலை.

பின்வரிசை:

டேட்டாபேஸ் பக்கமிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் இருவரும் யார் ஓட்டுவது என்று அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது இரண்டாவது கவலை.

போஸ்ட்கிரெஸில் ஒரு நெடுவரிசை சேர்ப்பது சில மில்லி செகண்ட் வேலை. 11ஆம் வெர்ஷனிலிருந்து நிலையான டிஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் டேபிளைத் திருப்பி எழுதுவதில்லை. ஆனால் அந்தச் சில மில்லி செகண்டுக்கு டேபிள் முழுவதும் அதன் கைக்கு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ 10 நிமிட ரிப்போர்ட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் கட்டளை காத்திருக்கும். அது காத்திருப்பது பெரிதில்லை. அதற்குப் பின்னால் வரும் டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட் கூட அதைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் நிற்கும். கனெக்‌ஷன் பூல் நிரம்பும், சைட் நிற்கும். லாகில் பார்த்தால் தப்பே செய்யாத செலக்ட்களாகக் குவிந்திருக்கும், மூல காரணம் கண்ணில் படாது.

மைக்ரேஷன் ஃபைலின் தலையில் லாக்-டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 3 செகண்ட் என்று வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் விலகிக்கொண்டு சற்றுக் கழித்து மறுபடி முயலட்டும். மைஎஸ்க்யூஎல் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி: ஒவ்வொரு டிடிஎல்லும் (டேபிளை மாற்றும் கட்டளை) தானாகக் கமிட் ஆகிவிடும். 5 மாற்றத்தில் மூன்றாவது விழுந்தால் முதல் இரண்டும் உள்ளேயே இருக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால் பிழைப்பீர்கள்.

தனிச்சர்வர்:

அப்படியானால் கையால் ஓட்டினாலும் இதே கதைதானே? சர்வர் ஓட்டினால் மட்டும் குற்றமா? கேள்வியே ஒருவர் லீவில் போனதால்தான் வந்தது. ஸ்டார்ட்டில் ஓட்டினால் கோடும் ஸ்கீமாவும் (டேபிள்களின் அமைப்பு) ஒன்றாகப் போய்ச் சேரும். மறப்பதற்கே இடமில்லை.

இரவுப்பணி:

அந்த "ஒன்றாக" என்பதுதான் இல்லாத ஊர். முதல் இன்ஸ்டன்ஸ் புது கோடோடு எழுந்து டேபிளை மாற்றுகிறது. மற்ற இரண்டும் அப்போது பழைய கோடில்தான் டிராஃபிக் வாங்கிக்கொண்டிருக்கின்றன. நெடுவரிசையின் பெயரை மாற்றியிருந்தால் அந்த நொடியே இரண்டும் விழும்.

பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிலீஸில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய டேட்டாவை நிதானமாக நகர்த்துங்கள். அடுத்த ரிலீஸில் புதியதிலிருந்து படியுங்கள். பழையதை நீக்குவது, அதை ஒருவரும் தொடவில்லை என்று உறுதியான பிறகு, அதற்கும் அடுத்த ரிலீஸில். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

அப்புறம் உரிமை. ஸ்டார்ட்டில் மைக்ரேஷன் ஓட வேண்டுமென்றால் சாதாரணமாக சர்வரின் டேட்டாபேஸ் யூசரே டேபிளை நீக்கவும் முடிய வேண்டும். நாளைக்கு எங்காவது, வெளியாள் தன் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை இருந்தால் அதே சாவி அந்த வெளியாள் கையிலும். மைக்ரேஷனுக்குத் தனி யூசர், அப்ளிகேஷனுக்குப் படிக்க எழுத மட்டும். டிப்ளாய்க்கு முன் தனி ஜாபாக ஓடினால் மனிதர் மறக்கவும் வழியில்லை, 3 இன்ஸ்டன்ஸ் முட்டிக்கொள்ளவும் வழியில்லை.

தனிச்சர்வர்:

உரிமை விஷயம் சரி. என் ஆட்களிடம் இரண்டு யூசர் உருவாக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள், அதனால் நான் என் வழியிலேயே இருக்கிறேன்.

நூலிழை:

எல்லாருக்கும் நன்றி. முடிவு இது: டிடிஎல்-ஆட்டோ வேலிடேட், அதாவது எதையும் மாற்றாமல் சரிபார்க்க மட்டும். ஃப்ளைவே, புரொடக்‌ஷனில் டிப்ளாய்க்கு முன் தனி ஜாபாக. டெவலப்பர் லேப்டாப்பில் மட்டும் ஸ்டார்ட்டிலேயே. இருக்கும் ஸ்கீமாவை பேஸ்லைனாக, அதாவது மைக்ரேஷனின் தொடக்கப் புள்ளியாக, எடுக்கிறோம்.

புரொடக்‌ஷன் ஸ்கீமாவின் காப்பி ஒன்றில் வேலிடேட் வைத்ததுமே சர்வர் எழவில்லை. கோடில் லாங் (பெரிய முழு எண்), டேபிளில் இன்டிஜர் (அதைவிடச் சிறியது). ஆர்டர் எண்! இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

பின்வரிசை:

இன்டிஜர் 214 கோடியைத் தாண்டும் அன்றுதான் தெரிந்திருக்கும். ஆனால் வேலிடேட்டை முழுசாக நம்பாதீர்கள். டேபிள், நெடுவரிசை, டைப் போன்றவற்றைத்தான் பார்க்கும். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் இல்லாததைச் சொல்லாது. பேஸ்லைன் எடுக்கும் முன் டெவலப்மென்ட், புரொடக்‌ஷன் இரண்டிலும் பிஜி-டம்ப் டூலில் ஸ்கீமாவை மட்டும் எடுத்து டிஃப் போட்டுப் பாருங்கள்.

நூலிழை:

போட்டேன். 11 வித்தியாசம். அதில் ஒன்று, புரொடக்‌ஷனில் மட்டும் இருக்கும் ஓர் இண்டெக்ஸ். எந்த ஸ்கிரிப்டிலும் இல்லை. லீவில் போனவரிடம் கேட்டால், "ஒருநாள் ராத்திரி சைட் மெதுவாக இருந்தது" என்கிறார். சரி, அதையும் பேஸ்லைன் ஃபைலில் சேர்த்தாயிற்று.