பாப்பா படத்துல மாஸ்டரே கை வெச்சு சரிபண்றாரு, இது சரிங்களா?

ஈரோட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பொண்ணுக்கு எட்டு வயசு, மூணாப்பு படிக்கறா. சின்னதுல இருந்தே செவுரு, தரை, பால் கணக்கு நோட்டு எதையும் விடமாட்டா, அவ்வளவு வரைவா. ஆசைப்படறாளேன்னு ஜூன்ல ஒரு டிராயிங் கிளாஸ்ல சேர்த்தோம், அங்க ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னமரம், இதயே போர்டுல போட்டு எல்லா புள்ளைங்களும் அப்படியே பாத்து வரையணும், கோடு கோணிப்போச்சுன்னா மாஸ்டரே பென்சில வாங்கி சரிபண்ணிக் குடுத்துடறாரு. வீட்டுக்கு வர்ற படம் பளிச்சுன்னுதான் இருக்குது. ஆனா இப்ப வீட்டுல வரையறதே இல்லீங்க, கேட்டா "மாஸ்டர் போட்டுக் குடுத்தாத்தான்மா எனக்கு வரும்"ங்கறா. மனசே ஆறல. இவங்கப்பா வேற இதெல்லாம் சோறு போடுமாங்கறாரு. நல்ல வாத்தியார்னா எப்படி சொல்லித் தருவாங்க?

பழைய டிராயிங் மாஸ்டர்:
அம்மா, நான் பள்ளிக்கூடத்துல 31 வருஷம் ஓவிய ஆசிரியரா இருந்தவன். புள்ளையோட பேப்பர்ல வாத்தியார் பென்சில் படவே கூடாது, காட்டணும்னா தனித் தாள்ல போட்டுக் காட்டிட்டு மடிச்சு வெச்சுடணும். வியன்னாவுல ஃபிரான்ஸ் சிசெக்னு ஒருத்தர் 1897லயே குழந்தைங்களுக்குன்னு தனி ஓவிய வகுப்பு ஆரம்பிச்சு, பெரியவங்க படத்தக் காப்பி அடிக்க வைக்காம அவங்க மனசுல இருக்கறத வரைய விட்டாரு. ஏழெட்டு வயசுல தரைய கீழ ஒரு கோடா, வானத்த மேல ஒரு நீலப் பட்டையா போடுவாங்க, நடுவுல சும்மா கிடக்கும். அது தப்பே இல்லம்மா, தயவுசெஞ்சு திருத்தாதீங்க. எங்கிட்ட படிச்ச ஒரு பையன் அவன் ஆயாவ வீட்ட விட ஒசரமா போட்டான், "ஆயாவப் பத்தி சொல்லுடா"ன்னு மட்டும் கேட்டேன், பத்து நிமிஷம் பேசிட்டுப் போயி ஆயா கையில வெத்தலப் பெட்டிய சேத்துட்டு வந்தான். நான் சொல்லியிருந்தா அந்தப் பெட்டி வந்திருக்காது.

ஒம்பது பத்து வயசுல அவங்களே "நெசம் மாதிரி வரலயே"ன்னு அழுவாங்க, நெறய பேரு பென்சில கீழ வெக்கறது அப்பத்தான், வாத்தியாருக்கு வேலையும் அப்பத்தான். ஒரு பழைய செருப்ப முன்னாடி வெச்சு, பேப்பரப் பாக்காம அதோட விளிம்பக் கண்ணால தடவிக்கிட்டே வரையச் சொல்லுவேன். கோணலாத்தான் வரும், ஆனா அந்தச் செருப்பு அங்க இருக்கும்.

கும்பகோணத்துக் கோடு:
மாஸ்டர் சொன்னதுல ஒரு சின்ன மாற்றுக்கருத்து. பாத்து வரையறதே தப்புன்னு ஒதுக்கிட முடியாதுங்க சார், சிற்பம் கத்துக்கறவங்க தாலமானம்னு முக நீளத்த வெச்சு உடம்பு அளவு சொல்ற கணக்கப் பாத்து ஒரே முகத்த திரும்பத் திரும்ப போட்டுத்தான் கை படியுது. ஆனா அது அவங்களா தேடி வந்த வயசு, எட்டு வயசுக்கு வேண்டாம். கை படியணும்னா காலைல வாசல்ல புள்ளிக் கோலம் போட விடுங்க, அதுவே போதும்.

அப்புறம் சோறு விஷயம். சென்னை ஓவியக் கல்லூரில 1957ல பிரின்ஸ்பல் ஆன கே.சி.எஸ். பணிக்கர், இதே கவலையில இருந்த மாணவர்கள, துணியில மெழுகு தடவி சாயம் ஏத்தற பாத்திக் மாதிரி கைவினை செஞ்சு விக்க வெச்சாரு, 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது அப்படித்தான். படமும் வரைஞ்சாங்க, சோறும் சாப்பிட்டாங்க. அண்ணன்கிட்ட சொல்லுங்க.

மஞ்சள்பூ:
அக்கா, கிளாஸ கொஞ்ச நாளு நிறுத்திட்டு சமையக்கட்டுல விடுங்க. மஞ்சத்தூள்ல துளி சுண்ணாம்பு சேத்தா செவப்பாகும், அவரை இலைய தேச்சா பச்சை, அடுப்புக்கரி கறுப்பு. இதுல பெர்ஃபெக்டா கோடு வராது, அதனாலயே என் பையனுக்கு பயம் போச்சு.

ஈரோட்டு அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சாயங்காலம் மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு திண்ணையில வெச்சுட்டு எதுவும் சொல்லாம உள்ள வந்துட்டனுங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தா, அப்புறம் விரல்ல தொட்டு செவுத்துல எங்க ஆட்டுக்குட்டிய போட்டுருக்கா, அஞ்சு காலு. "இதப் பத்தி சொல்லு கண்ணு"ன்னேன். ஓடுதாம்.