சென்சிங் லைன்: ‘உணர்குழல்’ வேண்டாம், ‘எடுகுழல்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். தொட்டி போன்ற கலனின் அழுத்தத்தை வால்வுக்கோ அளவிக்கோ கொண்டுசெல்லும் மெல்லிய குழலே சென்சிங் லைன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் எழுதியது:

> சென்சாருக்கு ‘உணரி’ இருக்கிறது. அதோடு ஒத்துப்போக, சென்சிங் லைனை ‘உணர்குழல்’ என்போமே.

ஐயா, சொல்லமைப்பு சரி. பொருள்தான் இடிக்கிறது. எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு), அம்மோனியா போன்றவற்றின் சேமிப்புத் தொட்டிக் கூரையில், அழுத்தம் மிகும்போது வாயுவை வெளியேற்ற வைக்கும் பைலட் வகை ரிலீஃப் வால்வைப் பாருங்கள். பெரிய வால்வின் மூடிக்கு மேலேயும் கீழேயும் தொட்டியின் அழுத்தமே நிற்கும். மேலே அழுத்தம் படும் பரப்பு பெரிது, அதனால் வால்வு மூடியே இருக்கும். தொட்டி அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும், பக்கத்திலிருக்கும் பைலட் என்ற சின்ன வால்வு, மூடிக்கு மேலே உள்ள அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். பெரிய வால்வு திறக்கும். அந்த பைலட்டுக்குத் தொட்டியின் அழுத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நம் குழல். உணர்வது பைலட்டுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. குழல் எதையும் உணர்வதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குழல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே ‘உணர்குழல்’ என்ற சொல்லில் எழவில்லை. வால்வின் ஒழுங்கோ அந்த இடத்தைப் பொறுத்தது.

குழலின் வாயை வால்வுக்கு அடியிலுள்ள நாசிலிலேயே (தொட்டியையும் வால்வையும் இணைக்கும் குட்டைக் குழாயிலேயே) வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். வால்வு மூடியிருக்கும்வரை ஒரு பிழையும் தெரியாது. வாயு அசையாதபோது நாசிலிலும் தொட்டியிலும் அழுத்தம் ஒன்றுதான். திறந்ததும் நாசிலில் வாயு பாயும். பாயும் இடத்தில் நிலையழுத்தம் (சுவரிலுள்ள துளையில் தெரியும் அழுத்தம்) இறங்கும். காற்றை வைத்தே கணக்குப் போடலாம்: அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ, வேகம் நொடிக்கு 50 மீட்டர். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1500 பாஸ்கல், அதாவது 15 மில்லிபார். நாசிலுக்குள் நுழையும்போது ஏற்படும் இழப்பு தனி. 50 மில்லிபாரில் திறக்கவேண்டிய வால்வுக்கு இது மிகப் பெரிய வித்தியாசம். திறக்கும் அழுத்தத்துக்கும் மூடும் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியை இந்த இறக்கம் மிஞ்சினால், தொட்டியில் அழுத்தம் குறையாமலே பைலட் மூடச் சொல்லிவிடும். மூடியதும் பாய்ச்சல் நிற்கும், பழைய அழுத்தம் மறுபடி தெரியும், வால்வு மறுபடி திறக்கும். சைட்டில் ‘வால்வு சேட்டர் ஆகுது’ என்பது இதைத்தான். மூடி வந்து உட்காரும் சீட் அடிபடும்; வெளியேறவேண்டிய வாயுவும் முழுதாக வெளியேறாது. அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் தொட்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

ஆகவே நாசிலைவிட்டு விலகி, கூரையில் தனித் துளை போட்டு, வாயு அசையாத இடத்திலிருந்து அழுத்தத்தை எடுக்கவேண்டும். குழலும் தொட்டியை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும். நடுவில் தொய்ந்து, 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் கிட்டத்தட்ட 10 மில்லிபார் பிழை வந்துவிடும்.

வேலைத்தளத்தில் இதை எப்படிக் கேட்கிறார்கள்? ‘டேப்பிங் எங்கேருந்து எடுத்திருக்கு?’ என்றுதான். டேப்பிங் என்பது அழுத்தத்தை எடுக்கும் துளை. ‘எடு’ என்ற வினை அங்கே ஏற்கெனவே புழங்குகிறது. அதையே பிடித்துக்கொண்டு, துளைக்கு ‘எடுவாய்’, அதிலிருந்து வரும் குழலுக்கு ‘எடுகுழல்’ என்று இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். ‘எடுவாய் எங்கே?’ என்று கேட்காமல் யாரும் எடுகுழலை வரையமுடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

> எடுகுழல் என்றால் தொட்டியிலிருந்து சரக்கை வெளியே எடுக்கும் குழாய் என்று நினைத்துவிடுவார்களே?

நியாயமான ஐயம். கட்டுரையிலோ வரைபடத்திலோ முதலில் வரும் இடத்தில் ‘அழுத்த எடுகுழல்’ என்று முழுதாக எழுதுவோம். சரக்கு பாய்வதற்குக் ‘குழாய்’, அளவியலுக்கான மெல்லிய ட்யூபுக்குக் ‘குழல்’ என்ற வேறுபாட்டையும் கடைப்பிடித்தால் குழப்பம் பெரிதும் தீரும்.

வால்வுக்கு ‘ஓரதர்’, ‘அடைப்பிதழ்’ இரண்டும் பரிந்துரைகளாக வந்திருந்தன. ‘வால்வு’ தமிழில் ஊன்றிவிட்டது, அப்படியே விடலாம். ரிலீஃப் வால்வுக்குத் ‘தணிப்பு வால்வு’, பைலட்டுக்கு ‘ஏவல் வால்வு’ எனக்குச் சம்மதம்.

சொற்பட்டியலுக்கான வரைவு:

எடுவாய்: கலன் அல்லது குழாயின் சுவரில், அழுத்தத்தை அளக்கவோ ஏவல் வால்வுக்குத் தெரிவிக்கவோ இடப்படும் துளை. தணிப்பு வால்வுக்கு இது பாய்ச்சல் இல்லாத இடத்தில் அமையவேண்டும்.

அழுத்த எடுகுழல்: எடுவாயிலிருந்து ஏவல் வால்வுக்கோ அளவிக்கோ அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழல்.

அளவியல் துறையில் இருப்பவர்கள் இந்த வரையறைகளைத் திருத்தித் தந்தால் நன்றியுடையேன்.