மறுமொழி: முதல்தொகுதிக் காப்பு

நண்பர்களுக்கு வணக்கம். பிளாக்செயினின் முதல் தொகுதியை (genesis block) மென்பொருள் அழித்து எழுதிவிடாமல் தடுக்கும் ‘genesis block overwrite protection’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த கேள்வி இது:

> ‘ஆதித்தொகுதி மேலெழுதல் தடுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

‘மேலெழுதல்’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எழும்பி மேலே வருவதும் மேலெழுதல்தான். எழுதுவதைக் குறிக்க ‘மேலெழுதுதல்’ என்றுதான் வரவேண்டும். ‘அழித்தெழுதுதல்’ இன்னும் நல்லது. இருந்தது போய்விட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும்.

‘ஆதி’யைவிட ‘முதல்’ பொருந்தும். பிளாக்செயின் என்பது தரவுத் தொகுதிகளைச் சங்கிலியாகக் கோத்த பதிவேடு. அதில் ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தையதன் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்ணை, சுமக்கிறது. 2009 ஜனவரி 3 என்ற தேதியைத் தாங்கிய பிட்காயினின் முதல் தொகுதிக்கு முந்தையது கிடையாது. அந்த இடம் முழுக்கச் சுழியங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முன்னால் எதுவும் இல்லாததால் அதை மென்பொருளின் மூல நிரலிலேயே பதித்துவிட்டார்கள். அதில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், அடுத்த தொகுதி அதனுடன் ஒட்டாது. வரிசையில் முன்னால் நிற்பதோடு, போட்ட முதலும் அதுவே. அதை அழித்தெழுதினால் முதலுக்கே மோசம். ‘மூலத்தொகுதி’ வேண்டாம், மூல நிரலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள்.

தடுப்பா, காப்பா? நூலின் தொடக்கத்தில் நிற்கும் செய்யுளுக்கே காப்பு என்றுதான் பெயர். தொடக்கத்தைக் காக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘காப்புநகல்’ (backup) ஏற்கெனவே இருக்கிறதே என்றால், அங்கே நகல் என்ற சொல் வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். ஹாஷ் தொடர்ச்சியால் வரும் உறுதியை ‘மாறாமை’ என்றே சொல்வோம். நம் கணினியின் வட்டில் இருக்கும் முதல் தொகுதியை மென்பொருள் அழிக்கவிடாமல் நிற்பதுதான் ‘முதல்தொகுதிக் காப்பு’. எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினை இயக்கும் கெத் (Geth) மென்பொருளில் ஒரு சோதனை வலையமைப்பை அமைத்தபோது, ஒரு கணக்கின் தொடக்க இருப்பை மாற்றிவிட்டு, பழைய தரவுக் கோப்புறையை அகற்றாமல் மீண்டும் தொடக்கக் கட்டளையை இட்டேன். அது மறுத்துவிட்டது. இருக்கும் ஹாஷ், புதிய ஹாஷ் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. அந்தப் பிழைச்செய்தியை இப்படித் தமிழாக்கிப் பார்த்தேன்: “தரவுத்தளத்தில் பொருந்தாத முதல்தொகுதி இருக்கிறது.” வாய்க்கும் கண்ணுக்கும் இடறவில்லை.

‘முதற்றொகுதி’ என்று புணர்த்தினால் இலக்கணம் நிறையும். ஆனால் ‘தொகுதி’ என்று தேடுபவருக்கு அது அகப்படாது. அதனால் சேர்த்தெழுதி, புணர்க்காமல் விட்டிருக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் அவசியம் எழுதுங்கள்.