கை மூட்டு வலியோட மான் வேட்டைக்குப் புது வில் எடுக்கணும், வயசு 62, யோசனை சொல்லுங்க

கொலம்பஸ்_வில்லாளி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒஹாயோல கொலம்பஸ் பக்கம் இருக்கேன், 20 வருஷத்துக்கு மேலயே காம்பவுண்ட் வில்லுல (முனைல சக்கரம் வச்ச வில்) வைட்டெயில் மான் வேட்டைக்குப் போறேன், கூட வேலை பார்த்த ஒருத்தர் அவங்க அண்ணன் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போய் பழக்கி விட்டார், அன்னிக்குப் பிடிச்சது இன்னும் விடல. இப்ப ரெண்டு கட்டைவிரல் அடி மூட்டுலயும் தேய்மானம்னு எக்ஸ்ரே பார்த்துட்டு சொல்லிட்டாங்க, வலது தோள்லயும் ஆரம்பம்னு சொல்றாங்க.

போன நவம்பர்ல நடந்ததைச் சொல்றேன். காலைல நல்ல பனி, ஏழேகால் இருக்கும், சோயா வயல் ஓரத்து ஓக் மரத்துல உக்காந்திருக்கேன். 18 யார்டுல ஒரு பெட்டை மான் வந்து அப்படியே பக்கவாட்டா நின்னுச்சு, அதை விட நல்ல இடம் கிடைக்காது. நாணை இழுத்தேன், பாதி வந்துச்சு, அதுக்கு மேல வில்லைப் பிடிச்ச கைல கட்டைவிரல் அடில ஊசி ஏத்தின மாதிரி ஒரு வலி, இழுக்கவே முடியல. வில்லை வானத்தைப் பார்த்து தூக்கி மறுபடி இழுக்கப் பார்த்தேன், அந்த அசைவுல தலையைத் தூக்கிப் பார்த்துச்சு, முன்னங்காலால தரைல ஒரு தட்டு, வாலை வெள்ளையா விரிச்சுட்டு ஒரே ஓட்டம். நான் அம்பு விடாததே நல்லதுன்னு இப்ப தோணுது, கை நடுங்கி வயித்துல பட்டிருந்தா அது எங்கயாவது புதர்ல மணிக்கணக்கா கிடந்து செத்திருக்கும், அதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆற மாட்டேங்குது.

என் பழைய வில்லை இழுக்க 65 பவுண்ட் எடை, லெட் ஆஃப் 75 சதவீதம், அதாவது முழுசா இழுத்த அப்புறம் அந்த எடைல அவ்வளவு குறைஞ்சிடும். ஒஹாயோ சட்டப்படி வில்லுக்குக் குறைஞ்சது 40 பவுண்ட் இருக்கணும். 45க்கு இறங்கினா மானை சுத்தமா விழ வைக்க முடியுமா, இல்ல கடைல எல்லாரும் சொல்ற மாதிரி கிராஸ்போ, அதான் துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி விடுற குறுக்கு வில், அதுதான் வழியா? நாணை நம்ம கையால இழுத்து நிறுத்தி நிக்கிற அந்த சில நொடிதான் எனக்கு இதுல எல்லாமே, அதனாலதான் இவ்வளவு யோசிக்கிறேன்.

பென்சில்வேனியா_தம்பி:

அண்ணா வணக்கம். நான் சனி ஞாயிறுல ஒரு வில் கடைல வில்லைச் சரி பண்ணி ட்யூனிங் பண்ணிக் கொடுக்குறேன், உங்க மாதிரி தோள் பிரச்சனையோட வர்றவங்க இப்ப நிறைய. மொத விஷயம், பவுண்ட் நம்பரை மட்டும் பார்த்து வில் எடுக்காதீங்க. வில் முனைல இருக்குற சக்கரத்தைத்தான் கேம்னு சொல்வோம், வேகத்துக்காகச் செஞ்ச கேம்ல இழுக்குற எடை டக்குனு உச்சத்துக்கு ஏறி கடைசி வரைக்கும் அங்கேயே நின்னுட்டு திடீர்னு பள்ளத்துல விழும், தோளைக் கொல்றது அதுதான். மெதுவா ஏறி மெதுவா இறங்குற கேம் உள்ள வில்லுல 50 பவுண்ட் கூட அந்த மாதிரி 45ஐ விட லேசா இருக்கும். எலீட் கம்பெனி வில்லுங்க இதுக்குப் பேர் போனது, போய் ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

உங்க பழைய வில்லுல முழுசா இழுத்துப் பிடிச்சிருக்கும்போது கைல நிக்கிற எடை 16 பவுண்ட். 45 பவுண்ட் வில் 85 சதவீத லெட் ஆஃப்னா 7 கூட இல்ல. மான் ஒரு நிமிஷம் மரத்துக்குப் பின்னாடி நின்னுச்சுன்னா இந்த வித்தியாசம் தான் கையை நடுங்காம வச்சிருக்கும்.

விழுமான்னு கேட்டீங்க, விழும். 400 கிரெய்ன் அம்பு செகண்டுக்கு 215 அடி போனா அம்போட சக்தி 41 ஃபுட் பவுண்ட் வரும், ஈஸ்டன்ங்கிற அம்பு கம்பெனி அட்டவணைல மானுக்குச் சொல்றது 25ல இருந்து 41 வரை. ஆனா பட்டதும் அகலமா விரியற மெக்கானிக்கல் ப்ராட்ஹெட் (வேட்டை அம்பு முனை) வேண்டாம், விரியறதுக்கே கொஞ்சம் சக்தி போயிடும். நல்லா தீட்டின ரெண்டு பிளேட் உள்ள, விரியாத ஃபிக்ஸட் முனை போடுங்க, 20 யார்டுக்கு மேல விடாதீங்க, பக்கவாட்டா நிக்கும்போதோ இல்ல முகம் நம்மை விட்டு லேசா அந்தப் பக்கம் திரும்பி நிக்கும்போதோ மட்டும் விடுங்க.

இன்னொண்ணு, 70 பவுண்ட் லிம்ப் (வில்லோட வளையற கை) உள்ள வில்லை வாங்கி போல்ட்டைத் தளர்த்தி 45க்குக் கொண்டு வரலாம்னு நினைக்காதீங்க, பெரும்பாலான வில்லுல 10 பவுண்டுக்கு மேல இறங்காது, அதுவும் முழுசா தளர்த்தினா வில்லோட உயிரே போயிடும். 50 பவுண்ட் லிம்ப் எடுத்து 45ல வைங்க. டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ மாதிரி 5ல இருந்து 70 வரை மாத்துற வில்லும் இருக்கு, 3.2 பவுண்ட் தான் கனம், விலையும் கம்மி, ஆனா ட்யூனிங்குக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

கடைல ஒரு சோதனை பண்ணுங்க. நாற்காலில உக்காந்து ரெண்டு காலையும் தரைல இருந்து தூக்கிட்டு, வில்லை மேல தூக்காம, நேரா குறி பார்த்த மாதிரியே இழுங்க. அப்படி வந்தா அதுதான் உங்க எடை. டிரா லெங்த்தையும், அதாவது நாணை இழுக்குற தூரத்தையும், அரை இன்ச் குறைச்சுப் பாருங்க, தோளுக்குப் பெரிய நிம்மதி.

ரொறன்ரோ_சிவா:

அண்ணை, நான் கை மூட்டு வருத்தக்காரருக்குப் பயிற்சி குடுக்கிற வேலை, வில் பற்றித் தம்பி சொன்னது எனக்கு அவ்வளவா விளங்கேல்ல, ஆனா அந்தக் கட்டைவிரல் மூட்டைப் பற்றிச் சொல்லலாம். விரல் நுனியில கொஞ்சம் அழுத்தினாலே அடி மூட்டில பல மடங்கு பாரம் விழும். அதால வில்லின்ர பிடியை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. உள்ளங்கையில கட்டைவிரல் பக்கத்துச் சதையில வில் சும்மா சாய்ஞ்சு நிக்கோணும், விரல் எல்லாம் தளர்வா இருக்கோணும், வில் விழுந்திடும் எண்டு பயமா இருந்தா வில்லை மணிக்கட்டோட கோர்க்கிற ரிஸ்ட் ஸ்லிங் பட்டி போடுங்கோ. ரிலீஸ் எண்டது நாணைக் கொளுவி இழுத்து விடுற சின்னக் கருவி, விரலால பிடிச்சு இழுக்கிற கைப்பிடி ரிலீஸ் வேண்டாம், மணிக்கட்டில பட்டி கட்டுற ரிலீஸ் எடுத்தா பாரம் மணிக்கட்டுக்குப் போயிடும், விரலுக்கு விசையை அழுத்திறதை விட வேறை வேலை இல்லை.

குளிர்ல மூட்டு இறுகும், இடுப்பில கட்டுற கை உறைக்குள்ள சூடு பண்ற பொட்டலம் வச்சு ரெண்டு கையையும் அதுக்குள்ளயே வச்சிருங்கோ. பயிற்சியில ஒரே நாளில 60 அம்பு விடாதீங்கோ, 15 போதும். முக்கியமா, வலி மாத்திரை போட்டிட்டு இழுக்கிறதை விடுங்கோ, வலிதான் எங்க நிப்பாட்டோணும் எண்டு சொல்லுறது. காலமை எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல விரல் மடக்க ஏலாமல் வீங்கி இருந்தால் அது தேய்மானம் இல்லாமல் முடக்கு வாதமாயும் இருக்கலாம், அதுக்கெண்டு இருக்கிற டொக்டரைப் பாருங்கோ.

பழைய_காட்டுக்காரன்:

தம்பி, எனக்கு 71, நானும் ஒஹாயோ தான். மூணு வருஷம் முன்னாடி கிராஸ்போவுக்கு மாறினேன், மாறின அன்னிக்கு மனசு கொஞ்சம் வலிச்சுச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனா போன டிசம்பர்ல எடுத்த மான் 40 யார்டு கூட ஓடல. இங்க வில் சீசன் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு பிப்ரவரி தொடக்கம் வரை போகுது, கிராஸ்போவுக்கும் அதே சீசன் தான், நாளை இழக்குறதில்ல. நாணைக் கயிறு போட்டு ஏத்தினா பாதி எடை, சுத்துற கைப்பிடி (கிராங்க்) வச்சதுன்னா கைல பெரிசா வேலை இல்ல. கட்டைவிரலை மட்டும் நாண் ஓடுற பாதைக்கு மேல கொண்டு போகவே கூடாது, விரலே போயிடும்.

நீங்க இன்னும் இழுக்க முடியும்னா இழுங்க, அவசரமில்ல. ஆனா ஒண்ணு கேளுங்க, எந்த வில்லா இருந்தாலும் இனி மரம் ஏறாதீங்க. இந்தக் கையை நம்பி 20 அடி உயரத்துல தொங்க வேண்டாம். கீழ கிரவுண்ட் பிளைண்ட் (மறைஞ்சு உக்கார்ற கூடாரம்) போட்டு ஸ்டூல்ல உக்காருங்க, அங்கயும் உக்காந்துட்டுதான் இழுக்கணும், பென்சில்வேனியா தம்பி சொன்ன நாற்காலி சோதனை அதுக்கும் உதவும்.

கொலம்பஸ்_வில்லாளி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து கடைக்குப் போயிட்டு வந்தேன். நாற்காலி சோதனைல 55 வரவே இல்ல, 50 வந்துச்சு ஆனா பல்லைக் கடிச்சுட்டு தான், 45ல வலி இல்லாம இழுத்துப் பிடிச்சேன், கடைக்காரர் கடிகாரம் பார்த்துட்டே இருந்தார், ஒரு நிமிஷத்துக்கு மேல குறி ஆடல. மெதுவான கேம் உள்ளதுதான், 50 பவுண்ட் லிம்ப், அரை இன்ச் டிரா குறைச்சாச்சு. சிவா சொன்ன மாதிரி பிடியைத் தளர்த்தி விட்டேன், 20 வருஷமா நான் இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. பழைய_காட்டுக்காரன் ஐயா, மரத்து ஸ்டாண்டைக் கழட்டச் சொல்லி பண்ணைக்காரர்கிட்ட பேசிட்டேன், அந்த ஓக் மரத்தடிலயே பிளைண்ட் போட்டுக்கலாம்னுட்டார். வீட்டுக்குப் பின்னாடி இன்னிக்குச் சாயந்திரம் 12 அம்பு விட்டேன், 15 யார்டு. கட்டைவிரல் இப்ப வரைக்கும் சத்தம் போடல.